பையைத் திற

1

ஊருக்குப் போய்வந்தவர்கள் எழுதுகிற குறிப்புகளில் மழையும் மண்வாசனையும் தாராளமாக இருக்கும். இதில் கோபம்தான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ஏற்காட்டுக்குக் கோபத்தோடு போனேன். அதைவிடப் பெரிய கோபத்தோடு திரும்பினேன். வடக்கு ஜெர்மனியில், நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்கு அடுத்த தெருவில், எங்கள் வீட்டுச் சமையலறை மேசை முன் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கணவர் மகனை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போயிருக்கிறார். அவர் எதிரில் இருந்தால், இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பார். ஆமாம், இன்னும் அதையேதான்.

எனக்கு ஏற்காட்டை ஒட்டிய நாகலூர். அப்பா காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர்; இப்போது அந்த வீட்டில் அண்ணன் குடும்பம். மகன் நிலவனுக்கு ஒன்பது வயது, பிறந்தது இங்கே. அவனுக்குத் தமிழ் தெரியும், ஆனால் நான் அவனிடம் பேசுகிற தமிழ் மட்டும்தான் தெரியும். வா, உட்காரு, சாப்பிடு, கையைக் கழுவு. வாக்கியத்துக்கு வாக்கியம் 'ங்க' போடும் எங்கள் ஊரில் போய் இறங்கியவுடன் அவன் என் அண்ணனிடம், "நீ உட்காரு" என்றான். அண்ணன் சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை. இதே பையன் ஜெர்மன் மொழியில் யாரை மரியாதையாக அழைக்க வேண்டும், யாரை ஒருமையில் அழைக்கலாம் என்பதில் ஒருநாளும் தவறியதில்லை. அந்த மொழியில் அவன் பண்பான பிள்ளை, தாய்மொழியில் சிற்றரசன். எத்தனையோ சாயங்காலம் முயன்றிருக்கிறேன். வேலை முடிந்து வந்து 'வாங்க, போங்க' பாடம் நடத்த உடம்பில் தெம்பு இருப்பதில்லை.

அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே கிடக்க வேண்டாம் என்று, மறுநாளே அவனை சரோஜாவின் பொம்மைக்கடைக்குக் கூட்டிப்போனேன். சரோஜா பக்கத்து ஊரான கொட்டச்சேட்டுக்காரி, பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். ஏரிக்குப் போகிற சாலையில் ஒரு பெரிய ஹோட்டலின் மதிலை ஒட்டி அவள் கடை இருக்கிறது. சாலையிலிருந்து நேர் வழி கிடையாது. ஹோட்டலின் பக்கவாட்டு கேட் வழியாக நாலடி நடந்தால் கடை. இல்லாவிட்டால் பின்பக்கம் சாக்கடையோரம் ஒரு சேற்றுப் பாதை உண்டு. வெள்ளி சாயங்காலம் முதல் ஞாயிறு வரை சேலத்துக் கூட்டம் வரும். மற்ற நாட்களில் பள்ளிவிட்டு ஷேர் ஜீப்புக்குக் காத்திருக்கும் எஸ்டேட் பிள்ளைகள்தான்.

நாங்கள் படிக்கும்போது கடைத்தெருவில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோர் இருந்தது. எஸ்டேட் பிள்ளைகள் உள்ளே வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது கடைக்காரரின் சட்டம். டூர் வந்த பிள்ளைகளுக்கு அந்தச் சட்டம் இல்லை. நான் ரைட்டர் மகள், எனக்குச் சட்டம் பாதி. சரோஜாவுக்கு முழுசு. அந்தக் கடை எப்போதோ போய்விட்டது. சரோஜா தன் கடைக்கு வெளியே ஒரு பெஞ்சைப் போட்டு, விற்கிற ஒவ்வொரு சாமானிலும் ஒன்றைப் பிரித்து அதில் வைத்திருக்கிறாள். சொப்புச் சாமான், பிளாஸ்டிக் லாரி, சோப்புக் குமிழி ஊதும் டப்பா, முகமூடி, எல்லாவற்றிலும் ஒன்று. "தொடறதுக்கு ஒண்ணு, விக்கறதுக்கு மிச்சம்" என்பாள்.

நிலவன் அவளிடமும், "நீ இது குடு" என்றான். நான் அதட்ட வாயெடுத்தேன். அவள் என்னைத் தடுத்துவிட்டு அவன் கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். கடைக்காரி ஆன பிறகு மலையில் ஒருத்தர் விடாமல் 'ங்க' போடுகிறார்கள், ஒரு பிள்ளையாவது 'நீ' என்று சொல்லட்டும் என்றாள். அவன் அன்று முழுக்க அந்தப் பெஞ்சைவிட்டு நகரவில்லை.

2

சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பெஞ்சில் நிலவனோடு பூங்கொடி இருந்தாள். மலையில் மஞ்சக்குட்டை என்ற ஊர்ப் பெண், ஆறாம் வகுப்பு. அம்மா எஸ்டேட்டில் களை வெட்டுக்குப் போகிறவள். அரைநாள் பள்ளி முடிந்து ஜீப்புக்குக் காத்திருந்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி சரியாக இல்லை. ஆனாலும் பெஞ்சில் பொம்மை பஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கண்டக்டர், இவன் டிரைவர். அவள் ஊர்ப்பெயரைச் சத்தமாகச் சொல்ல, இவன் ஜெர்மன் நாக்கில் 'மஞ்சக்குட்டை'யைக் கடித்துத் துப்பினான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். டூர் வந்த பிள்ளைகள் இரண்டு பேர் குமிழி ஊதிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது சேலத்துக்காரரான ஹோட்டல் மேனேஜர் வந்தார், கூடவே ஹோட்டலில் தங்கியிருந்த ஓர் அம்மாள். அந்த அம்மாளின் மகன் காலையில் தன் ரிமோட் காரைக் கொண்டுவந்து சரோஜாவிடம் பேட்டரி போட்டுக்கொண்டு போனானாம். இப்போது காரைக் காணோமாம். அவன் திரும்ப எடுத்துப்போனதை நானே பார்த்தேன் என்று சரோஜா சொன்னாள். மேனேஜர் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கண் பெஞ்சின் மேல் போனது. என் மகனின் ஷூவைப் பார்த்தது. குமிழி ஊதும் பிள்ளைகளைப் பார்த்தது. கடைசியில் பூங்கொடியின் மேல் நின்றது.

"ஏ புள்ள, பையத் தொற."

அவள் தன் பள்ளிக்கூடப் பையைத் திறந்தாள். அவர் அதை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்தார். நோட்டுகள், டிபன் பாக்ஸ், ஒரு துண்டு, கடித்து மிச்சம் வைத்த கொய்யாக்காய். கொய்யாக்காய் உருண்டு சேற்றில் விழுந்தது. கார் இல்லை.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. கத்தினேன். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். எந்த அதிகாரத்தில் ஒரு குழந்தையின் பையைத் தொட்டாய் என்று கேட்டேன். ஹோட்டல் பெயரை நாறடித்துவிடுவேன் என்றேன். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஜெர்மனில் கத்தினேன். அந்த மொழியில் எனக்கு அதுவரை கோபப்பட வந்ததே இல்லை. ஏற்காட்டில், ஒரு சேலத்துக்காரரிடம், சரளமாக வந்தது.

அது பலித்தது. அதுதான் கேவலம். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்து, மேடம் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் குரல் குழைந்துவிட்டது. தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம், கெஸ்ட் கேட்டதால் பார்க்க வேண்டியதாகிவிட்டது, உள்ளே வந்து ஒரு காப்பி சாப்பிடுங்கள் என்றார். மன்னிப்பும் கேட்டார், என்னிடம். அவர் காலடியில் குந்தி நோட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த பிள்ளையிடம் ஒரு வார்த்தை இல்லை. அவள் எல்லாவற்றையும் பைக்குள் திணித்தாள். ஜீப் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நிலவனுக்குக் கையைக்கூட ஆட்டவில்லை.

3

சாயங்காலம் சரோஜா கடைச் சாமான்களை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டே பேசினாள். அவள் என்னைப் பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீ கத்துனது சரிதான் புள்ள. யாருக்காகக் கத்துன?"

பூங்கொடிக்காகத்தான் என்றேன்.

"அவ நோட்டப் பொறுக்கிட்டிருந்தா. நீ ஒருக்காக்கூட அவ பக்கம் திரும்பல. கடைசில என்னமோ ஒரு பாஷைல பேசுனியே, அது யாருக்கு?"

அப்போதுதான் சொன்னேன். கணவரைத் தவிர யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

எங்கள் ஜெர்மன் ஊரிலும் ஒரு சின்ன பொம்மைக்கடை இருக்கிறது. பெரிய கம்பெனிக் கடை இல்லை. ஒரே ஓர் அம்மாள் நடத்துவது, மரச்சாமான் நிறைய இருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மாலில் வாங்காமல் இவரிடம்தான் வாங்க வேண்டும் என்று நான் கொள்கையே வைத்திருந்தேன். ஜூனில் ஒருநாள் நிலவனும் அவன் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் பள்ளியிலிருந்து நேரே அந்தக் கடைக்குப் போனார்கள். மூன்று பேர் முதுகிலும் பை. நான் வேலை முடிந்து அவனை அழைத்துவரப் போனபோது, அந்த அம்மாள் அவன் பையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவன் பையை மட்டும். மற்ற இரண்டு பைகளும் முதுகிலேயே இருந்தன. உள்ளே தோசை வைத்துக் கொடுத்த டப்பாவும் புத்தகங்களும். அவர் பையை மூடி என் கையில் கொடுத்தார். நான் 'டாங்கே' என்றேன். நன்றி என்று அர்த்தம்.

வீட்டுக்கு நடக்கும்போது நிலவன், "அம்மா, நீ ஏன் நன்றி சொன்னே?" என்று கேட்டான். பையைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். எனக்கு அந்த மொழியை அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். சேலத்தில் நான் சேர்ந்த ஜெர்மன் வகுப்பில் முதல் நாளே வணக்கம், நன்றி, மன்னிக்கவும். என் நர்சிங் படிப்பை ஏற்க மாட்டோம், மறுபடி பரீட்சை எழுது என்று சொன்ன அலுவலகத்தில் நன்றி சொன்னேன். விசா நீட்டிப்புக்குப் போன இடத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் பெயரை உச்சரிக்க முயலாமலே, "அடுத்தது" என்று கூப்பிட்டபோதும் நன்றி சொன்னேன். வார்டில் ஒரு கிழவர் என் கையால் மாத்திரை வாங்க மறுத்தபோது மன்னிக்கவும் என்றேன். 'நீ செய்வது தப்பு' என்று சொல்லப் பழக்குகிற பாடம் எங்கள் ஜெர்மன் புத்தகத்தில் இல்லவே இல்லை. நன்றி என்பது எனக்கு வார்த்தை இல்லை, விக்கல். அடி விழுந்தாலும் வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு சரோஜா ஆறுதல் சொல்லவில்லை.

"அப்ப அந்தம்மாளக் கேக்க வேண்டியத இந்த மேனேஜரக் கேட்டுட்ட" என்றாள். "நீ ஏரோப்ளேன் ஏறிருவ. நாளைக்கு அந்தக் கேட்டு எனக்குத் தொறக்கணும்."

அவள்மேலும் கோபம் வந்தது. நிலவனை இழுத்துக்கொண்டு நாகலூர் பஸ்ஸில் ஏறினேன். அவள் சொன்னது உண்மை என்று தெரிந்ததால் வந்த கோபம், அதனால் சீக்கிரம் தணியவில்லை.

4

காலையில் சரோஜாவே போன் செய்தாள். பக்கவாட்டு கேட்டில் பூட்டுத் தொங்கியது. பின்பக்கச் சேற்றுப் பாதை வழியாகப் போய்த்தான் கடையைத் திறந்திருக்கிறாள். கெஸ்ட் யாரும் அந்தக் கடைக்குப் போக வேண்டாம் என்று ரிசப்ஷனில் சொல்லிவிட்டார்களாம். இன்னொரு சேதியும் இருந்தது. ஹோட்டலில் அறை கூட்டுகிற பெண் வந்து சொல்லியிருக்கிறாள்: அந்த ரிமோட் கார் நேற்று சாயங்காலமே அவர்கள் அறையில் கட்டிலுக்கு அடியில் கிடைத்துவிட்டது. மேனேஜரிடமும் அப்போதே சொல்லியாயிற்று.

தெரிந்தும் கேட்டைப் பூட்டியிருக்கிறார். நான் இப்போதே வருகிறேன் என்றேன். வா, ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்றாள். பூங்கொடியின் அம்மா பழனியம்மாளுக்கு ஜீப் டிரைவரிடம் சேதி சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை நாள் என்பதால் பழனியம்மாள் எப்படியும் வருகிறவள்தான். தன்னோடு எஸ்டேட்டில் வேலை செய்யும் பெண்கள் நாலைந்து பேரையும் கூட்டிவந்திருந்தாள். காய்கறிப் பைகளோடு எல்லோரும் நேராக ஹோட்டலின் முன்வாசல் வழியாக உள்ளே போனோம். டிபன் நேரம். ரிசப்ஷனை ஒட்டிய ஹாலில் கெஸ்ட்கள் நிறைந்திருந்தார்கள். எங்கள் செருப்புச் சேறு அந்தப் பளபளத் தரையில் கோடு போட்டது.

மேனேஜர் வேகமாக என்னிடம் வந்தார். மேடம், உட்காருங்க, உள்ளே போய்ப் பேசலாம் என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பழனியம்மாள் குறுக்கே வந்தாள். ஒடிசலான உடம்பு, குரலை உயர்த்தவே இல்லை.

"ஏனுங்க, அவுங்ககிட்ட எதுக்குங்க பேசறீங்க? பை எம்புள்ளையோடதுங்க."

அவர் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினார். செக் பண்ணியது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி என்றார்.

"நேத்து எல்லாரும் பாக்கத்தானுங்க கொட்டுனீங்க. காரு கெடைச்சிருச்சுன்னு எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. சொன்னீங்கன்னா நாங்க போயிர்றமுங்க."

சொல்லிவிட்டு அவள் சோபாவில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தாள். மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள், சரோஜாவும், நானும். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று வந்த அம்மாள் அவர்களுக்கு நடுவில் இருந்தார். தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. எனக்கு நாக்குத் துடித்தது. மூன்று மொழியும் தொண்டையில் முட்டிக்கொண்டு நின்றன. சரோஜா என் முழங்கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை.

அந்த ஹாலில் உட்கார்ந்துதான் எங்கள் ஊர் 'ங்க'வைச் சரியாகக் கேட்டேன். அதைப் பணிவு என்று நினைத்து, மகனுக்கு அந்தப் பணிவு வரவில்லையே என்று வருந்திக்கொண்டிருந்தேன். பழனியம்மாள் ஒரு வாக்கியத்திலும் மரியாதையை விடவில்லை, ஒரு வாக்கியத்திலும் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

கடைசியில் மேனேஜர் ஹாலைப் பார்த்துச் சொன்னார். கெஸ்டுடைய கார் ரூமிலேயே கிடைத்துவிட்டது, அந்தப் பெண் எடுக்கவில்லை, தவறு நடந்துவிட்டது. சத்தம் பாதிதான் வந்தது. புள்ளகிட்டயும் வந்து சொல்லுங்க என்றாள் பழனியம்மாள். மத்தியானம் பழனியம்மாள் பூங்கொடியைக் கடைக்கு வரவழைத்தாள்; அவர் சேற்றுப் பாதை வழியாகவே அங்கே வந்து அவளிடம் சொன்னார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் போன பிறகும் நிமிரவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று எழுத ஆசைதான். ஆனால் கேட்டைப் பூட்டியவர்கள் திறக்கவில்லை. ஹோட்டல் இடம், ஹோட்டல் இஷ்டம் என்று முதலாளியே சொல்லிவிட்டாராம். சரோஜா சாக்கடையோரம் கருங்கல் சல்லி கொட்டிப் பாதை போட்டிருக்கிறாள், சாலையோரம் ஒரு போர்டும் வைத்திருக்கிறாள். கூட்டம் குறைந்துவிட்டது. நான் ஊரில் இருந்த மிச்ச நாட்களில் பூங்கொடி அந்தப் பெஞ்சுக்கு வரவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் போய் ஜீப்புக்குக் காத்திருந்தாள். நிலவன் தினமும் போய்ப் பெஞ்சில் பஸ்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களை அந்தப் பெஞ்சில் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும்.

கிளம்பும்போது சரோஜாவிடம் உன் கடைக்கு என்னால்தானே இந்த நிலைமை என்று கேட்டேன். பாதி உன்னால், பாதி அந்த மேனேஜரால் என்றாள். பிறகு, "ஊருக்குப் போயி அந்தம்மாகிட்ட உன்ற பங்கக் கேளு" என்றாள்.

5

கேட்பதற்கு முதலில் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. ஜூனில் நிலவனோடு கடைக்குப் போன பிள்ளைகளில் ஒருத்தி லேனா. அவள் அம்மா கத்ரீனை எனக்குப் பள்ளி வாசலில் பழக்கம். நடந்ததைச் சொன்னேன். நல்ல அம்மாளாயிற்றே, அப்படி நினைத்துச் செய்திருக்கமாட்டார், நீ தப்பாகப் புரிந்துகொண்டிருப்பாய் என்றாள் கத்ரீன். இந்த நாட்டில் நான் எதைச் சொன்னாலும் முதலில் கிடைப்பது இதுதான்: நீ தப்பாகப் புரிந்துகொண்டாய். வழக்கமாக அதற்கும் நன்றி சொல்லியிருப்பேன். லேனாவிடமே கேட்டுப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் கத்ரீன் வீட்டுக்கே வந்தாள். லேனா சொல்லிவிட்டாளாம்: ஆமாம், அவன் பை மட்டும்தான். நாங்களும் பையைக் கழற்றப் போனோம், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கத்ரீனின் முகம் சிவந்திருந்தது. எப்போது போகிறாய், நானும் வருகிறேன் என்றாள்.

கணவர் வேண்டாம் என்றார். சின்ன ஊர், இங்கேதான் வாழ வேண்டும் என்றார். அதனால்தான் போகிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலை, கடையில் ஆட்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனோம். கத்ரீன், லேனா, நான், நிலவன். கத்ரீனைப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு வந்தார். நான் என் வாக்கியங்களை மரியாதைப் பன்மையிலேயே தயாரித்து வைத்திருந்தேன். ஜூனில் நீங்கள் என் மகன் பையை மட்டும் திறந்தீர்கள். மற்ற பிள்ளைகளின் பையைத் திறக்கவில்லை. ஏன்? 'பை' அந்த மொழியில் பெண்பால். நான் பதற்றத்தில் ஆண்பாலாக்கிவிட்டேன். எப்போதும் உடனே திருத்துகிற நிலவன் அன்று வாயைத் திறக்கவில்லை.

நினைவில்லையே என்றார் அவர். நடித்ததாகத் தோன்றவில்லை. அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. எனக்கும் என் மகனுக்கும் ஒரு கோடைகாலத்தையே தின்ற விஷயம் அவருடைய ஒரு மத்தியானத்தில்கூடத் தங்கவில்லை. பையைக் காட்டச் சொல்லி எல்லாப் பிள்ளைகளையும் கேட்பது என் வழக்கம் என்றார் அவர்.

"எங்களைக் கேட்கவில்லை" என்றாள் லேனா.

பின்னால் ஒரு தாத்தா பேரனுக்காக எடுத்த ரயிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் கத்ரீனைப் பார்த்து, உங்களுக்கு மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் என்று ஆரம்பித்தார். கத்ரீன் ஓரடி பின்னால் நகர்ந்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், இந்த முறை மெதுவாக, இலக்கணம் தவறாமல்: "என்னிடம் வேண்டாம். பை இவனுடையது."

அவர் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். எதற்கென்று தெரியவில்லை, பிறகு கழற்றினார். குனிந்து நிலவனின் முகத்துக்கு நேராக வந்து, நான் உன் பையைத் திறந்திருக்கக் கூடாது, அது தப்பு, என்னை மன்னித்துக்கொள் என்றார்.

இதற்கு இந்த மொழியில் தயாராக ஒரு பதில் இருக்கிறது. பரவாயில்லை என்று அர்த்தம். பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். யாராவது மன்னிப்புக் கேட்டால் நாக்கில் தானாக வந்து நிற்கும். அந்த அம்மாள் அதற்காகக் குனிந்தபடியே காத்திருந்தார். கத்ரீன் காத்திருந்தாள். எனக்கும் அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது, விழுங்கினேன்.

நிலவன் அவரை நேராகப் பார்த்தான்.

"ஆமாம்" என்றான். "தப்பு."